ஜிப்சியில் லோ கியர் இறக்குவது: டிரான்ஸ்ஃபர் கேஸ் வேலையில் கணக்கும் கைப்பக்குவமும்

மாருதி ஜிப்சியில் 205/70 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 மாட்டுவது நம் ஊரில் பரவலான வேலை. வண்டி உயரும், பாறையில் ஆக்ஸில் தட்டுவது குறையும். ஆனால் பழைய டயரின் விட்டம் ஏறத்தாழ 668 மி.மீ., புதியதன் விட்டம் 733 மி.மீ. டயர் பத்து சதவீதம் உயர்ந்தால் கியரில் பத்து சதவீதம் போய்விட்டது என்று பொருள். 16 வால்வ் 1.3 லிட்டர் இன்ஜினின் உச்ச டார்க் 103 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 4,500 ஆர்பிஎம்மில். ஐட்லிங்குக்குச் சற்று மேலே கிடைப்பது அதைவிடக் குறைவு. அந்தக் குறையை ஓட்டுபவர் கிளட்சைப் பாதி மிதித்து ஈடுகட்டுகிறார், பிளேட் கருகுகிறது. கிளட்ச் பிளேட்டை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. கியரைச் சரிசெய்ய வேண்டும்.

இந்த வேலைக்கு ஜிப்சி போல வாய்ப்பான வண்டி குறைவு. ஜிப்சியும் சாமுராயும் சேர்ந்த சுசுகி எஸ்ஜே வரிசையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் சக்தியை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி; சாதாரண ஓட்டத்துக்கு ஹை, மெதுவான பலமான ஓட்டத்துக்கு லோ) கியர் பாக்ஸோடு ஒட்டியிருக்காது. தனிப் பெட்டியாகச் சேஸியில் மூன்று ரப்பர் மவுண்டிங்கில் தொங்கும். கியர் பாக்ஸிலிருந்து ஒரு குட்டை ஷாஃப்ட் வந்து அதைச் சுற்றும். கியர் பாக்ஸைத் தொடாமலே கேஸை மட்டும் இறக்கி ஏற்றலாம். இன்னொரு தனித்தன்மையும் உண்டு. பெரும்பாலான ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் ஹை என்றால் நேரடி 1:1. எஸ்ஜே கேஸில் ஹையும் கியர் வழியாகத்தான் போகிறது. சாமுராய், ஜிப்சி கிங் கேஸில் ஹை 1.409, லோ 2.268. ஆகவே இந்தக் கேஸுக்குள் கை வைத்தால் காட்டுப் பாதை மட்டுமல்ல, நெடுஞ்சாலை ஓட்டமும் மாறும். கணக்குப் போடாமல் செட் வாங்குபவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்.

கணக்கு கடினமில்லை. கியர் பாக்ஸின் முதல் கியர், டிரான்ஸ்ஃபரின் லோ, கிரவுன் பினியன் (ஆக்ஸிலுக்குள் இருக்கும் கடைசிக் கியர் ஜோடி) ஆகிய மூன்றையும் பெருக்கினால் வருவது கிரால் ரேஷியோ. ஐந்து கியர் பாக்ஸில் முதல் கியர் 3.652, கேஸ் லோ 2.268, சாமுராயின் கிரவுன் பினியன் 3.727. பெருக்கினால் 30.9. ஐட்லிங் 800 என்றால் பழைய டயரில் மணிக்கு 3.3 கி.மீ. வேகம் வரும். 235 டயர் மாட்டினால் அது 3.6 ஆகிறது. எண்ணில் பார்த்தால் சின்ன வேறுபாடு, பாறைப் படிக்கட்டில் சக்கரத்தை எங்கே வைப்பது என்று பார்க்கும்போது பெரிய வேறுபாடு.

கிரவுன் பினியன் எல்லா வண்டியிலும் 3.727 என்று நம்பிவிடாதீர்கள். இதே வரிசையில் 3.909 உண்டு, பழைய எஸ்ஜே410-ல் 4.111. கைமாறி வந்த ஜிப்சியில் முந்தைய உரிமையாளர் எதை மாட்டினார் என்பது ஆர்சி புத்தகத்தில் இருக்காது. எண்ணிப் பார்க்கும் வழி எளிது. சமதளத்தில் வண்டியை நியூட்ரலில் விடுங்கள். பின்சக்கரத்திலும் பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்டிலும் சுண்ணாம்புக்கட்டியால் குறி போடுங்கள். சக்கரம் சரியாகப் பத்துச் சுற்று உருளும்வரை நேர்க்கோட்டில் தள்ளி, ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்று ஒருவர் எண்ண வேண்டும். 37-க்குக் கொஞ்சம் மேல் என்றால் 3.727. 39 என்றால் 3.909. 41 என்றால் 4.111. முன் ஆக்ஸிலையும் இதேபோல் எண்ணுங்கள். ஃப்ரீ வீல் ஹப் (முன்சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து பிரித்துவிடும் பூட்டு) இருந்தால் அதை லாக் செய்துவிட்டுத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் முன் ஷாஃப்ட் சுற்றாது. முன்னும் பின்னும் வேறு வேறு எண் வந்தால் ஃபோர் வீல் போட்ட உடனே ஏதோ ஒன்று உடையப்போகிறது; கேஸ் வேலைக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

இனி வழிகள். முதல் வழி பழைய 970 சிசி ஜிப்சியின் கேஸ். 1985 முதல் வந்த எம்ஜி410 வண்டி, எஸ்ஜே410-ன் நம் ஊர் வடிவம். அதன் கேஸில் ஹை 1.580, லோ 2.511. அதாவது ஹையில் 12 சதவீதமும் லோவில் 11 சதவீதமும் கூடுதல் இறக்கம். 235 டயருக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை போல் பொருந்தும். கிரால் 34.2 ஆகி, ஐட்லிங் வேகம் மறுபடி மணிக்கு 3.2 கி.மீ.க்கு வந்துவிடும். நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் 80 கி.மீ. வேகத்துக்குப் பழைய டயரோடு சுமார் 2,650 ஆர்பிஎம். 235 டயரும் 410 கேஸுமாக 2,700. கம்பெனி கொடுத்த நிலைக்கே வண்டி திரும்பிவிடுகிறது. டயரை மாற்றாமல் இந்தக் கேஸை மட்டும் போட்டால் அதே 80-க்கு இன்ஜின் 2,975-ல் சுற்றும். தினமும் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அது வேண்டாம்.

இரண்டாவது வழி, வெளிநாட்டில் செய்யும் லோ கியர் செட். இருக்கிற கேஸைப் பிரித்து, உள்ளே இன்புட் கியர், கவுண்டர் கியர், லோ கியர் முதலியவற்றை மாற்றுவது. அதிகம் புழங்குவது 4.16 செட். கிரால் 56.6 ஆகும், 235 டயரோடு ஐட்லிங்கில் மணிக்கு 2 கி.மீ.க்கும் குறைவு. 4.9 செட்டில் கிரால் 66.7. அதற்கு மேலும் செட்டுகள் கிடைக்கின்றன. ஹை எவ்வளவு இறங்கும் என்பது செட்டுக்குச் செட் வேறுபடும். விற்பவரிடம் லோவை மட்டும் கேட்டால் போதாது, ஹை எண்ணை எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது வழி கிரவுன் பினியனை மாற்றுவது. இது எல்லாக் கியரையும் ஒரே அளவில் இறக்கும். முன், பின் என்று இரண்டு ஆக்ஸிலும் பிரிக்க வேண்டும், பேக்லாஷும் (பற்களுக்கு இடையிலான ஆட்டம்) பல் பதிவும் பார்த்து ஷிம் (மெல்லிய தகடு) வைக்கத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கை இல்லாத ஊரில் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. டிரான்ஸ்ஃபர் கேஸ் வேலையில் ஷிம் வைக்கும் தலைவலி குறைவு. நிதானமும் சுத்தமும் இருந்தால் நல்ல மெக்கானிக் யாரும் செய்யலாம்.

பெரும்பாலானவர்களுக்கு என் பரிந்துரை: 235 டயர், மண் சாலை, எஸ்டேட் பாதை என்றால் 410 கேஸ். பாறை ஏற்றம் வழக்கமாக உண்டு என்றால் 4.16. அதற்கு மேல் போக வேண்டியது பாறை மட்டுமே ஏறும் வண்டிக்கு. சேற்றிலும் மணலிலும் சக்கரம் வேகமாகச் சுற்றித் தன் பள்ளத்தில் அடைந்த மண்ணை உதற வேண்டும். ஆறுக்கு மேல் இறக்கிய லோவில் அந்த வேகம் வராது.

410 கேஸ் தேடுபவர்கள் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் பார்க்கலாம். பெயின்ட் அடித்த கேஸைப் பார்த்து 410-ஆ, 413-ஆ (1.3 லிட்டர் ஜிப்சி கிங்கின் கேஸ்) என்று முடிவு செய்ய முடியாது, கடைக்காரர் சொல்லையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லிவரை ஹையில் போட்டு, பின் அவுட்புட் ஃபிளாஞ்ச் பத்துச் சுற்று வரும்வரை இன்புட் ஃபிளாஞ்சைக் கையால் சுற்றுங்கள். இன்புட் 14 சுற்று என்றால் 413. 15-ஐத் தாண்டி முக்கால் சுற்று என்றால் 410. லோவில் முறையே 22.7, 25.1. சுற்றும்போதே பேரிங்கின் நிலையும் கைக்குத் தெரியும். ஒவ்வொரு ஃபிளாஞ்சையும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அந்த ஷாஃப்டின் பேரிங் முடிந்தது. டிரெயின் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். வெள்ளைப் பால் போல ஆயில் வந்தால் உள்ளே தண்ணீர் நின்றிருக்கிறது. பல்லின் துண்டு வந்தால் கேஸை அங்கேயே வைத்துவிடுங்கள்.

வாங்கும்போதே நான்கு விஷயங்களை உங்கள் கேஸோடு வைத்து அளவெடுக்க வேண்டும். ஃபிளாஞ்சின் நான்கு போல்ட் துளைகளின் இடைவெளி. பழைய வண்டியில் ஃபிளாஞ்ச் சிறியதாக இருந்தால் உங்கள் ஃபிளாஞ்சுகளை அந்த ஷாஃப்டுக்கு மாற்ற வேண்டும், அதற்கு ஸ்ப்லைன் (ஷாஃப்ட் முனையில் உள்ள நீளவாட்டுப் பற்கள்) பொருந்த வேண்டும். பின் அவுட்புட்டில் ஹேண்ட் பிரேக் டிரம் இருக்கிறதா, இல்லையா. மவுண்டிங் கைகளின் வடிவம். ஸ்பீடோ கேபிள் நட்டின் அளவு.

ஸ்பீடோமீட்டர் பற்றி ஒரு குழப்பம் எப்போதும் எழும். எஸ்ஜே கேஸில் ஸ்பீடோ கியர் அவுட்புட் ஷாஃப்டில் இருக்கிறது, அதாவது டிரான்ஸ்ஃபர் இறக்கத்துக்குப் பிறகு. எனவே உள்ளே கியர் செட்டை மாற்றினால் ஸ்பீடோ மாறாது. டயரும் கிரவுன் பினியனும் மாறினால்தான் மாறும். ஆனால் முழு 410 கேஸையும் மாட்டினால் அதனுடன் வரும் ஸ்பீடோ கியர் 4.111 ஆக்ஸிலுக்கும் அந்த வண்டியின் டயருக்கும் அமைந்தது. மாட்டிய பிறகு ஃபோனில் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கியருக்கு முன்னால் பார்க்க வேண்டியது மவுண்டிங். 4.16 செட் போட்டால் அவுட்புட் டார்க் 83 சதவீதம் கூடுகிறது, மவுண்டிங்கும் அவ்வளவுதான் கூடுதலாகத் தாங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கேஸை முறுக்குவது, வெளியே போகும் டார்க்குக்கும் உள்ளே வரும் டார்க்குக்கும் உள்ள வித்தியாசம். முதல் கியரில் உச்ச டார்க்கில் கேஸுக்குள் வருவது 376 நியூட்டன் மீட்டர். பழைய லோவில் வெளியே போவது 853. கேஸ் மீது விழும் முறுக்கு 477. 4.16-ல் வெளியே போவது 1,565. முறுக்கு ஏறத்தாழ 1,190. இரண்டரை மடங்கு. பழைய ரப்பர் முதல் பெரிய ஏற்றத்திலேயே கிழியும், சில வண்டிகளில் மவுண்டிங் கையே முறியும்.

மவுண்டிங் போனால் கேஸ் ஒரு பக்கம் புரளும். லிவர் கேஸிலேயே நிற்பதால் அதுவும் சேர்ந்து சாய்ந்து தளத்துத் துளையின் ஓரத்தில் இடிக்கும். ஏற்றத்தின் நடுவில் லோ தானாகவே கழன்றுவிடும். இதைக் கியர் கோளாறு என்று நினைத்துக் கேஸைத் திரும்பப் பிரித்தவர்கள் உண்டு. லோ கழன்றால் முதலில் ஒருவரை வண்டியின் அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்லி, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து ஃபோர் லோவில் மெதுவாகக் கிளட்ச் விட்டுப் பாருங்கள். பார்ப்பவர் பக்கவாட்டில் நின்று குனிந்து பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ அடியிலோ இருக்கக் கூடாது, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்திருக்க வேண்டும். கேஸ் எழும்புகிறதென்றால் குற்றம் மவுண்டிங்கில்.

410 கேஸுக்கு மூன்று புதிய ரப்பர் போதும். 4.16-க்கு அதோடு ஒரு டார்க் கம்பியும் வேண்டும்: கேஸின் உடலிலிருந்து சேஸி கிராஸ் மெம்பருக்கு, இரு முனையிலும் புஷ் வைத்து. முழுக்க இரும்போடு இரும்பாக வெல்ட் செய்து இறுக்கினால் சேஸி முறுகும்போது அலுமினியக் கேஸின் காது உடையும். புஷ் கட்டாயம்.

இறக்கும் வேலை. சமதளம், ஸ்டாண்டு, கட்டை. ஆயிலை வடித்த பிறகு மூன்று ஷாஃப்டிலும் ஃபிளாஞ்சிலும் பஞ்சால் எதிரெதிரே புள்ளி வையுங்கள். ஷாஃப்ட் பழைய இடத்திலேயே திரும்பப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் புதிதாக ஓர் அதிர்வு கிளம்பும், அதைத் தேடிப் பல நாள் போகும். ஸ்பீடோ கேபிள், ஃபோர் வீல் சுவிட்ச் ஒயர், பிரீதர் குழாய் (கேஸுக்குள் காற்று போய்வரும் வழி) கழற்றி, உள்ளிருந்து லிவரை எடுங்கள். கேஸுக்கு அடியில் ஜாக் கொடுத்து மவுண்டிங்கைக் கழற்ற வேண்டும். மார்பில் தாங்கி இறக்கலாம் என்று யாரும் படுக்க வேண்டாம்.

பிரிக்கும் முன் வெளியே மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி உலர்த்துங்கள். கேஸ் முன், நடு, பின் என்று மூன்று துண்டு. பிரிப்பதற்கு முன்பே ஷிஃப்ட் கம்பிகளை நிறுத்தும் ஸ்பிரிங்கும் குண்டும் எடுத்துவிட வேண்டும். இரண்டு கம்பிகளுக்கும் இடையில் இன்டர்லாக் துண்டு ஒன்று இருக்கும். அது சத்தமில்லாமல் உருண்டு ஓடிவிடும். அடியில் வெள்ளைத் துணி விரித்துப் பிரிப்பது இதற்காகத்தான். அலுமினியக் கேஸின் இணைப்பில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள். பிளாஸ்டிக் சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் விலகும். அந்த முகத்தில் விழும் ஒரு கீறல், எத்தனை சிலிக்கான் தடவினாலும் ஆயில் கசியும்.

கியரை ஷாஃப்டோடு பூட்டும் ஸ்லீவையும் ஹப்பையும் கழற்றும் முன் எந்த முகம் முன்னால் என்று மார்க்கரால் குறியுங்கள், படமும் எடுங்கள். திருப்பிப் போட்ட ஸ்லீவ் பெஞ்சில் ஒழுங்காக விழும், சுமையில் கழலும். ஸ்லீவின் உள்பற்களின் முனை உருண்டையாகத் தேய்ந்திருந்தால் புது லோ கியரோடு பழைய ஸ்லீவைச் சேர்க்காதீர்கள். கவுண்டர் கியர் நிற்கும் ஷாஃப்டை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். ஊசிப் பேரிங் ஓடிய இடத்தில் நகம் தட்டினால் ஷாஃப்டும் மாற வேண்டும். இரு முனையிலும் வரும் த்ரஸ்ட் வாஷர்களைக் கிரீஸ் வைத்து ஒட்டி, நாக்குப் பள்ளத்தில் அமர்ந்ததா என்று கண்ணால் பார்த்த பிறகே ஷாஃப்டைச் செலுத்துங்கள். வாஷர் நழுவிய நிலையில் போல்டை இறுக்கினால் வாஷர் வளையும், கேஸ் இறுகிச் சுற்றும்.

ஒருமுறை பிரித்தால் பேரிங்குகள் அனைத்தும், மூன்று ஃபிளாஞ்ச் சீலும், கவுண்டர் ஷாஃப்டின் ஓ ரிங்கும் புதிதாகத்தான் போட வேண்டும். கியர் செட்டுக்குச் செலவழித்துவிட்டுப் பழைய பேரிங்கில் மிச்சம் பிடிப்பது நியாயமில்லை. கியர்களையும் ஜோடியாகவே மாற்றுங்கள். ஒரு கேஸின் கவுண்டர் கியரோடு இன்னொன்றின் லோ கியரைச் சேர்ப்பது பல்லைத் தின்னும்.

லோ கியர் பெரிதாக உள்ள செட்டுகளில் கேஸின் உட்சுவரை ஓரிரு இடத்தில் தேய்க்க வேண்டியிருக்கும். ஷாஃப்டை வெறும் கேஸில் வைத்து, கியரின் ஓரத்தில் மார்க்கர் மை தடவிச் சுற்றினால் எங்கே உரசுகிறது என்று சுவர் காட்டிவிடும். அங்கே மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். தேய்க்கும்போது பேரிங்குகள் உள்ளே இருக்கக் கூடாது. முடிந்ததும் சோப்புத் தண்ணீர், காற்று, மறுபடியும் துடைப்பு. அலுமினியத் தூள் ஊசிப் பேரிங்குக்கு எமன்.

மூடிய பிறகு, ஷாஃப்டுகளை மாட்டும் முன் எல்லா நிலைகளிலும் கையால் சுற்றுங்கள்: டூ ஹை, ஃபோர் ஹை, நியூட்ரல், ஃபோர் லோ. எங்கும் ஒரே சீரான இலேசு வேண்டும். லோவில் இன்புட்டையும் அவுட்புட்டையும் எண்ணி, வாங்கிய செட்டின் ரேஷியோ வருகிறதா என்று பாருங்கள். ஆயில் 0.8 லிட்டர், 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90, ஜிஎல்-4. லெவல் பிளக் வழியாக வழியும்வரை ஊற்றினால் சரி. அதற்கு மேல் திணித்தால் பிரீதரில் கக்கும். பிரீதர் குழாயை இன்ஜின் அறை உயரத்துக்கு நீட்டிவிடுங்கள். சூடான கேஸ் ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது குளிர்ந்து காற்றை உள்ளே இழுக்கும். பிரீதர் அடைத்திருந்தாலோ தாழ இருந்தாலோ தண்ணீர்தான் உள்ளே போகும்.

ஓட்டும் முறையும் மாற வேண்டும். 4.16 லோவில் ஐந்தாவது கியர் போட்டாலும் மணிக்கு 30 கி.மீ.க்கு இன்ஜின் 2,700-ஐ நெருங்கும். கரடுமுரடான எஸ்டேட் பாதை முழுவதையும் லோவிலேயே மேலும் கீழும் கியர் மாற்றி ஓட்டலாம். ஏற்றத்தில் வண்டி அணைந்தால் கிளட்சை மிதிக்க வேண்டாம். முதல் கியரில் வைத்தபடியே சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை நகர்த்தி இன்ஜினைக் கிளப்பும், பின்னால் உருளாது. கிளட்ச் சுவிட்ச் இல்லாத வண்டிக்கு மட்டும் இது. ஈரமான களிமண் இறக்கத்தில் முதல் கியர் ஆபத்து. இன்ஜின் பிடி அவ்வளவு வலுவாக இருப்பதால் சக்கரம் ஏறக்குறைய நின்றுபோய் வண்டி வழுக்கும். இரண்டாவதில் இறங்குங்கள்.

கேஸுக்குப் பின்னால் உள்ள எல்லாமே கூடுதல் டார்க்கைத் தாங்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து, முன்சக்கரம் பாறையில் சிக்கியிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் முன் சிவி ஜாயின்ட் போய்விடும். சிலர் இன்டர்லாக்கை எடுத்து இரட்டை லிவர் வைத்து டூ லோ (பின்சக்கரங்களுக்கு மட்டும் லோ) செய்கிறார்கள். தார்ச் சாலையில் குறுகலான இடத்தில் ரிவர்ஸ் எடுக்க அது நல்ல வசதி, ஏற்றத்துக்கு அல்ல. மொத்தச் சுமையும் பின் ஆக்ஸில் ஷாஃப்ட் ஒன்றின் மேலேயே விழும். சென்டர் டிஃப்ரன்ஷியல் இல்லாத வண்டி இது, ஆகவே காய்ந்த தார்ச் சாலையில் ஃபோர் லோவில் திருப்பாதீர்கள்.

புதிய ஜிம்னி வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அதில் ஹை 1.000, லோ 2.002, முதல் கியர் 4.425, கிரவுன் பினியன் 4.090; கிரால் 36. ஜிப்சிக்கு 410 கேஸ் மாற்றி அடையும் இடத்தைத் தாண்டியே அது தொடங்குகிறது. வாரன்டியைப் பணயம் வைத்து அவசரப்பட வேண்டிய வண்டி அல்ல.

சட்டத்தையும் கணக்கில் எடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவில் உள்ள விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதியாகச் சொன்னது. டயர், கியர் வேலைக்கு முன் ஆர்டிஓவிலும் இன்சூரன்ஸிலும் கேட்டுக்கொள்வது நல்லது. கழற்றிய பழைய கேஸை விற்றுவிடாமல் சுற்றி வையுங்கள்.

முதல் ஆயிலை 500 கி.மீ.யில் வடித்துவிடுங்கள். ஒரு காந்தத்தை அதில் அலசி எடுத்தால் சாம்பல் நிறப் பசை ஒட்டும், புதுப் பற்கள் பழகும்போது அது இயல்பு. ஊசி போன்ற சில்லு ஒட்டினால் கேஸைத் திறந்து த்ரஸ்ட் வாஷரையும் கவுண்டர் பேரிங்கையும் பாருங்கள். அதே நாளில் மவுண்டிங் போல்டுகளையும் ஃபிளாஞ்ச் போல்டுகளையும் மறுபடி முறுக்குங்கள். புது ரப்பர் அமர்ந்திருக்கும், ஒவ்வொன்றும் கொஞ்சம் இடம் கொடுக்கும்.